மிகச்சிறந்த பிரிட்டிஷ் நாவல் எது: வாதிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

2003-ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் பிரிட்டன் மக்களிடம் நடத்திய பெரும் வாக்கெடுப்பில் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதலிடம் பெற்றது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இரண்டாவதாக வந்தது. ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ 27-ஆவது இடத்திலும் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ 79-ஆவது இடத்திலும் இருந்தன. வர்ஜீனியா வுல்ஃபின் எந்த நாவலும் முதல் நூறில் இடம்பெறவில்லை. 2015-இல் அதே நிறுவனத்தின் பண்பாட்டுப் பிரிவு, பிரிட்டனுக்கு வெளியே வாழும் 82 விமர்சகர்களிடம் மிகச்சிறந்த பிரிட்டிஷ் நாவல்கள் எவை என்று கேட்டது. அப்போது ‘மிடில்மார்ச்’ முதலிடத்துக்கு ஏறியது. அடுத்த இரண்டு இடங்களையும் வுல்ஃபின் நாவல்களே பிடித்தன. ‘பிளீக் ஹவுஸ்’ ஆறாவதாகவும் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ பதினொன்றாவதாகவும் வந்தன.

இரண்டு பட்டியல்களுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. நாவல்களில் ஓர் எழுத்துகூட மாறிவிடவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியும் மாறியது. முதல் வாக்கெடுப்பு மக்கள் மிகவும் நேசிக்கும் நாவலைக் கேட்டது. இரண்டாவது மிகச்சிறந்ததைக் கேட்டது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தொடங்கும் விவாதம், யாருக்கு எது பிடிக்கும் என்ற விசாரிப்பாகவே முடிந்துவிடும். வாசகர் வட்டத்திலோ கல்லூரி வகுப்பிலோ நண்பர்களுக்குள்ளோ இந்த விவாதத்தை உருப்படியாக நடத்த விரும்புவோருக்குச் சில வழிமுறைகளைக் கீழே சொல்கிறேன். அவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: ஒரு நாவலின் பெருமையைப் பேசுகிறவர் அந்தப் பெருமையை அதன் ஏதேனும் ஒரு பக்கத்தில் காட்டியாக வேண்டும்.

எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

எந்த நாவல்களைப் பற்றி விவாதிக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்யாவிட்டால், விவாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் ஜேம்ஸ் ஜாய்ஸின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் திசைதிருப்பிவிடுவார். ‘யுலிசிஸ்’ நாவலின் கதை நிகழும் 1904-இல் டப்ளின் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியாக இருந்தது. ஜாய்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டையே வைத்திருந்தார். இவற்றைக் காட்டி அவரைப் பிரிட்டிஷ் கணக்கில் சேர்க்க வாதிடலாம். ஆனால் அவர் எழுதியதெல்லாம் அயர்லாந்தைப் பற்றி, அயர்லாந்தின் பேச்சை வைத்து என்பதால் அந்த வாதம் சட்டப்படி சரியாகவும் இலக்கியப்படி அபத்தமாகவும் இருக்கும். 2015-ஆம் ஆண்டுப் பட்டியலும் அவரை வெளியே நிறுத்தியது.

கடவுச்சீட்டை அளவுகோலாக எடுத்துக்கொள்வது வேறு சில இடங்களிலும் இடறும். ஹென்றி ஜேம்ஸ் நியூயார்க்கில் பிறந்தவர். 1915-இல்தான் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார், மறு ஆண்டே இறந்துவிட்டார். ஆக அவருடைய முக்கிய நாவல்கள் அனைத்தும் ஓர் அமெரிக்கக் குடிமகன் எழுதியவையே. ஜோசப் கான்ராட் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. 1886-இல் பிரிட்டிஷ் குடிமகனானார், அதற்குப் பிறகே அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. நாகசாகியில் பிறந்து சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்த கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ நாவலை, ஓர் ஆங்கிலேயப் பணியாளரின் குரலில் எழுதப்பட்ட அந்தக் கதையை, பிரிட்டிஷ் நாவல் அல்ல என்று சொல்ல எவரும் துணியமாட்டார்கள். என் பரிந்துரை, எழுத்தாளரின் பிறப்பைப் பார்க்காமல், அந்த நாவல் எந்த வாசகச் சூழலை முதன்மையாகக் கருதி, எந்த நாவல் மரபோடு உரையாடி எழுதப்பட்டது என்று பார்ப்பதே. அப்படிப் பார்த்தால் கான்ராடும் இஷிகுரோவும் உள்ளே வருவார்கள், ஜாய்ஸ் வெளியே நிற்பார், ஜேம்ஸ் விஷயத்தில் கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுக்க வேண்டியிருக்கும்.

எதிர்த்திசையில் நிகழும் ஒரு தவறும் உண்டு. பிரிட்டிஷ் என்று சொல்லிவிட்டு இங்கிலாந்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதால் ஸ்காட்லாந்து கைநழுவிவிடுகிறது. ஜேம்ஸ் ஹாக் 1824-இல் வெளியிட்ட ‘ஒரு நியாயப்படுத்தப்பட்ட பாவியின் ஒப்புதல்கள்’ என்ற நாவல், ஒரே கதையை இருவர் வாயிலாகச் சொல்லி, எவரை நம்புவது என்ற முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறது. லூயிஸ் கிராசிக் கிப்பனின் ‘சன்செட் சாங்’, அலஸ்டர் கிரேயின் ‘லானார்க்’ ஆகியவற்றையும் பட்டியலுக்கு முன்மொழிய ஒருவராவது இருக்க வேண்டும்.

குறுநாவல்களையும் சிறார் நூல்களையும் சேர்ப்பதா என்பதை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். எப்படித் தீர்த்தாலும் பெரிய நட்டமில்லை.

எந்த வகையில் சிறந்தது?

சிறந்த நாவல் என்று சொல்லும்போது பலரும் நான்கு வெவ்வேறு செய்திகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்: அது மிகுதியாக விற்றது, மிகுதியாக நேசிக்கப்படுகிறது, பின்வந்தவர்களைப் பாதித்தது, கலைப்படைப்பாக உயர்ந்து நிற்கிறது. இவை ஒன்றையொன்று துணைக்கு அழைக்கலாமே தவிர, ஒன்றுக்கொன்று சான்றாக முடியாது.

விற்பனையை எடுத்துக்கொள்வோம். 1844 முதல் வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் வெளிவந்த ‘லண்டன் நகரத்து மர்மங்கள்’ தொடரை எழுதிய ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ், தம் காலத்தில் டிக்கன்ஸுக்கே சவாலாக இருந்த வெகுசன எழுத்தாளர். இந்தியாவிலும் அவர் பரவலாக வாசிக்கப்பட்டார். ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய நாவல்களைத் தமிழில் தழுவி எழுதியதால், நம் பாட்டன் தலைமுறை வாசகர்கள் பலரும் பெயர் அறியாமலேயே ரெய்னால்ட்ஸைப் படித்தவர்கள். இன்று எந்தப் பட்டியலிலும் அவருக்கு இடமில்லை. தாக்கத்தைப் பொறுத்தவரை சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமேலா’வைச் சொல்லலாம். 1740-இல் வெளிவந்த இந்தக் கடித நாவல் இல்லாவிட்டால், ஒரு பெண்ணின் அகத்தை நுணுகிப் பேசும் ஆங்கில நாவல் மரபு வேறு வடிவம் எடுத்திருக்கும். ஆயினும் இன்று அதை முழுவதும் படித்து முடிப்பதற்கு இலக்கிய ஆர்வம் போதாது, தேர்வு பயமும் வேண்டும். அது முக்கியமான நாவல், அதனாலேயே மிகச்சிறந்ததாகிவிடாது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க எளிய ஏற்பாடு ஒன்றுண்டு. தம் நாவலை முன்மொழியும் ஒவ்வொருவரும், அது எதைச் செய்து காட்டுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ‘மனித இயல்பை ஆழமாகச் சித்திரிக்கிறது’ என்ற வாக்கியத்தை ஏற்கக் கூடாது. அது எந்த நாவலுக்கும் பொருந்தும், எதையும் வேறுபடுத்தாது. ‘தான் நேர்மையானவள் என்று நம்பும் ஒரு பெண்ணின் தவறான கணிப்புகளுக்குள்ளேயே நம்மையும் அடைத்துவைத்து, அவள் விழித்துக்கொள்ளும்போதுதான் நம்மையும் விழிக்கவிடுகிறது’ என்று ஆஸ்டினின் ‘எம்மா’வைப் பற்றி ஒருவர் எழுதித் தந்தால், அதன்மீது வாதிடலாம், அதைச் சோதிக்கலாம், வேறொரு நாவல் அதை இன்னும் நன்றாகச் செய்கிறதா என்றும் கேட்கலாம்.

பக்கத்தைத் திறந்து காட்டுதல்

விவாதத்தின் பெரும்பகுதி நேரத்தை இதற்கே ஒதுக்க வேண்டும். முன்மொழிபவர் தம் நாவலிலிருந்து ஒரு பக்கத்துக்கு மிகாத பகுதியைத் தேர்ந்து, எல்லோர் கையிலும் படி ஒன்று இருக்கும்படி செய்து, உரக்கப் படித்து, அதன்பிறகே பேச வேண்டும். கதைச்சுருக்கம் சொல்வதைத் தடைசெய்துவிடுவது நல்லது. கதைச்சுருக்கத்தில் எல்லா நாவல்களும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ‘மிடில்மார்ச்’ நாவலுக்காக வாதிடுபவர் 29-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தைத் திறக்கலாம். அதுவரை நாம் இளம்பெண் டோரத்தியாவின் பக்கம் நின்று, அவள் மணந்துகொண்ட வறட்டு அறிஞரான காசோபனை வெறுக்கப் பழகிவிட்டோம். அத்தியாயமும் வழக்கம்போல டோரத்தியாவின் பெயரோடு தொடங்குகிறது. ஆனால் அந்த வாக்கியம் முடியுமுன்பே கதைசொல்லி தன்னைத்தானே இடைமறித்து, ஏன் எப்போதும் டோரத்தியாவையே பேச வேண்டும், இந்தத் திருமணத்தைப் பற்றி அவளுடைய பார்வை ஒன்றுதான் உண்டா என்று கேட்கிறார். அதற்குப் பிறகு, சிமிட்டும் கண்களும் முகத்தில் வெள்ளை மருக்களும் கொண்ட அந்த மனிதருக்குள்ளும் தீவிரமான ஒரு தன்னுணர்வு இருக்கிறது, நம் எல்லோரையும்போல அவருக்கும் ஆன்மாவில் பசி இருக்கிறது என்று காட்டத் தொடங்குகிறார். காசோபன் இதனால் நல்லவராகிவிடுவதில்லை. டோரத்தியா அனுபவிக்கும் துன்பமும் குறைவதில்லை. நாம் அதுவரை எவ்வளவு வசதியாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தோம் என்பதுதான் நமக்குத் தெரியவருகிறது. வாசகரின் நியாய உணர்வையே கதைப்பொருளாக்கும் இந்தச் செயலை முன்வைத்து வாதிட்டால், வுல்ஃப் 1919-இல் இந்த நாவலை வளர்ந்த மனிதர்களுக்காக எழுதப்பட்ட மிகச் சில ஆங்கில நாவல்களுள் ஒன்று என்று சொன்னதற்கு என்ன பொருள் என்பதும் புரியும்.

வுல்ஃபுக்காக வாதிடுபவர் ‘டு த லைட்ஹவுஸ்’ நாவலின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். முதல் பகுதி முழுவதையும் தாங்கி நிற்பவர் திருமதி ராம்சே. அவரைச் சுற்றித்தான் கணவரும் குழந்தைகளும் விருந்தினர்களும் இயங்குகிறார்கள். இரண்டாம் பகுதியில் பத்து ஆண்டுகள் கடக்கின்றன. வெறிச்சோடிய வீட்டில் காற்றும் தூசியும் ஈரமும் செய்யும் வேலைகள் நீண்ட வாக்கியங்களில் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள் அடக்கப்பட்ட ஒரே வாக்கியத்தில், ஓர் இருண்ட காலையில் திரு. ராம்சே கைகளை நீட்டுகிறார், முந்தைய இரவு மனைவி திடீரென்று இறந்துவிட்டதால் அந்தக் கைகள் வெறுமையாகவே இருக்கின்றன என்று படிக்கிறோம். மரணம் அந்த வாக்கியத்தின் பயனிலையாகக்கூட வரவில்லை. ஒரு துணைத்தொடரில் ஒதுங்கி நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வீடு தன்பாட்டுக்குச் சிதைந்துகொண்டிருக்கிறது. மனிதர்களின் பேரிழப்பு காலத்தின் கணக்கில் எவ்வளவு சிறியது என்பதை வுல்ஃப் எங்கும் விளக்கவில்லை. அடைப்புக்குறியின் இடத்தைக் கொண்டே உணர்த்துகிறார்.

டிக்கன்ஸுக்கு ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் முதல் பக்கத்தைப் பலரும் எடுப்பார்கள்; ‘லண்டன்’ என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கி, வினைமுற்றே இல்லாத தொடர்களில் சேறும் மூடுபனியும் நகரெங்கும் பரவி, நீதிமன்றத்தில் போய் முடியும் பகுதி அது. நான் அதைவிட, தெருப் பெருக்கும் அநாதைச் சிறுவன் ஜோ இறக்கும் இடத்தையே பரிந்துரைப்பேன். மருத்துவர் சொல்லச் சொல்ல, பொருள் புரியாமல் பிரார்த்தனையின் சொற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பாதியில் அவன் இறந்துவிடுகிறான். உடனே கதைசொல்லி, மாட்சிமை தங்கிய அரசியையும் பிரபுக்களையும் கனவான்களையும் மதகுருக்களையும் வரிசையாக விளித்து, அவன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கிறார். இப்படித்தான் நம்மைச் சுற்றி ஒவ்வொரு நாளும் இறந்துகொண்டிருக்கிறார்கள் என்று முடிக்கிறார். கதைக்குள்ளிருந்து எழுந்து நாட்டை நோக்கித் திரும்பும் இந்தக் குரல் மிகையானது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்த மிகை தேவையா இல்லையா என்பதுதான் டிக்கன்ஸைப் பற்றி நடத்த வேண்டிய உண்மையான விவாதம்.

இங்கே நம் ஊர் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பள்ளியில் நான்-டீடெயில் பாடமாக வந்த சுருக்கப் பதிப்பை மட்டும் படித்துவிட்டு ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ பற்றியோ ‘ஜேன் அயர்’ பற்றியோ தீர்ப்பு சொல்லக் கூடாது. சுருக்கப் பதிப்பு கதையைக் காப்பாற்றுகிறது. நாம் விவாதிக்க வந்த பகுதியைத்தான் முதலில் வெட்டி எறிகிறது.

எதிர்வாதத்தை முன்மொழிபவரே சொல்லுதல்

ஒரு நாவலுக்காகப் பேசுகிறவரே அதற்கு எதிரான மிக வலிய வாதத்தையும் எடுத்துச்சொல்ல வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டால், விவாதத்தின் தரம் சட்டென்று உயரும். எதிர்வாதங்களுக்குப் பஞ்சமில்லை. ‘மிடில்மார்ச்’ வெளிவந்த மறு ஆண்டான 1873-இல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய மதிப்புரையில், அது விவரங்களின் கருவூலம், ஆனால் முழுமையாகப் பார்த்தால் சுமாரானது என்று தீர்ப்பளித்தார். டோரத்தியா இறுதியில் மணந்துகொள்ளும் வில் லாடிஸ்லாவ் அவளுக்கு ஈடான பாத்திரமாக உருவாகவில்லை என்ற குறை இன்றுவரை தொடர்கிறது; நானும் அதை ஏற்கிறேன். ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் குரூக் என்ற கிழவன் உடலில் தானாகவே தீப்பிடித்துச் சாம்பலாகிறான். அதை அறிவியலுக்கு ஒவ்வாதது என்று ஜி. எச். லூயிஸ் அப்போதே கண்டித்தார். டிக்கன்ஸ் விடாப்பிடியாக முன்னுரையில் தம் தரப்பை நியாயப்படுத்தினார். (அந்த லூயிஸ்தான் ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கைத் துணைவர் என்பதை எலியட் கட்சியினர் மறக்காமல் குறித்துக்கொள்ளலாம்.)

சில எதிர்வாதங்கள் கலைக்குறையோடு நின்றுவிடுவதில்லை. 1975-இல் அமெரிக்காவில் நிகழ்த்திய ஓர் உரையில் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே, கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ ஆப்பிரிக்கர்களை மனிதர்களாகவே காட்டாமல், ஓர் ஐரோப்பியனின் மனச்சிதைவுக்குப் பின்னணியாக்கிவிட்டது என்று குற்றம்சாட்டி, அப்படிப்பட்ட படைப்பைப் பேரிலக்கியம் என்று அழைக்க முடியாது என்றார். பாலஸ்தீன-அமெரிக்க விமர்சகர் எட்வர்ட் சயீத் 1993-இல் வெளியிட்ட நூலில், ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ காட்டும் ஒழுங்கான வாழ்க்கைக்கு ஆன்டிகுவா தீவின் அடிமைத் தோட்டங்கள் பணம் தருகின்றன என்பதைச் சுட்டினார். ஆனால் அதனால் அந்த நாவலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, இன்னும் கூர்ந்து படிக்கவே சொன்னார். ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியறையில் அடைக்கப்பட்ட முதல் மனைவிக்கு வாயே இல்லை என்பதை உணர்ந்த ஜீன் ரிஸ், கரீபியத் தீவில் பிறந்தவர் என்ற உரிமையோடு, 1966-இல் அவளுக்கென்றே ஒரு நாவல் எழுதினார். இத்தகைய வாதங்கள் வரும்போது ‘அந்தக் காலம் அப்படி’ என்று தட்டிக்கழிப்பதும், ‘இனி இதைப் படிக்கவே கூடாது’ என்று கதவைச் சாத்துவதும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள். குற்றச்சாட்டை அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அது நாவலின் மையத்தைத் தாக்குகிறதா, ஓரத்தைத் தாக்குகிறதா என்று கேட்க வேண்டும்.

பெரிய விமர்சகரின் பெயரைச் சொல்லி வாயடைக்கும் உத்தியை அனுமதிக்காதீர்கள். எஃப். ஆர். லீவிஸ் 1948-இல் ஆங்கில நாவலின் பெருமரபு என்று ஆஸ்டின், எலியட், ஜேம்ஸ், கான்ராட் ஆகிய நால்வரை அறிவித்து, டிக்கன்ஸை ‘ஹார்ட் டைம்ஸ்’ ஒன்றைத் தவிர வெளியே நிறுத்தினார். 1970-இல் மனைவியோடு சேர்ந்து டிக்கன்ஸைக் கொண்டாடும் ஒரு முழு நூலையே வெளியிட்டார். லீவிஸை மேற்கோள் காட்டுகிறவரிடம் எந்த ஆண்டு லீவிஸ் என்று கேட்டாலே போதும்.

காலத்தின் தீர்ப்பு என்பதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1776-இல், விசித்திரமான எதுவும் நெடுநாள் நிற்காது, லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ நிலைக்கவில்லை என்று சொன்னார். அந்த நாவல் இன்றும் நிற்கிறது. மாறாக, ஐரோப்பா முழுவதையும் ஆட்டிப்படைத்த வால்டர் ஸ்காட்டை இன்று விரும்பிப் படிப்பவர்கள் குறைவு. எனவே கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த நாவல்களைத் தனிச் சுற்றில் வைத்துக்கொள்ளுங்கள். பழையவற்றோடு மோதவிட்டால் ஒன்று அநியாயமாகத் தோற்கும், அல்லது புதுமையின் கவர்ச்சியால் அநியாயமாக வெல்லும்.

வாக்கெடுப்பு

நூறு நாவல்களின் பட்டியல் வேண்டாம். ஆறு அல்லது ஏழு நாவல்களைத் தேர்ந்து, பங்கேற்பவர் அனைவரும் அவற்றில் பாதியையாவது முழுமையாகப் படித்துவர அவகாசம் கொடுங்கள். இந்த நாவல்களின் பருமனைப் பார்த்தால் அதற்கே மாதங்கள் ஆகும். ஓர் எழுத்தாளருக்கு ஒரு நாவல் என்று கட்டுப்படுத்துவதும் அவசியம். 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில் டிக்கன்ஸின் மூன்று நாவல்கள் நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் வந்தன. அவரை விரும்பியவர்களின் வாக்குகள் சிதறாமல் இருந்திருந்தால் முதலிடம் யாருக்குப் போயிருக்கும் என்பது விவாதத்துக்கு உரியதே.

எல்லோரும் வரிசைப்படுத்தி மதிப்பெண் கொடுத்தால், எவரும் வெறுக்காத, பலருக்கும் மூன்றாவதாகப் பிடித்த நாவல் வென்றுவிடக்கூடும். ‘வுதரிங் ஹைட்ஸ்’ போல ஒரு சாராரை வெறிகொள்ளவும் மறு சாராரை எரிச்சல்கொள்ளவும் செய்யும் படைப்புகளுக்கு இந்த முறை பாதகமானது. இரண்டிரண்டாக மோதவிட்டு ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்வது மெதுவானது. ஆனால் ஒவ்வொரு மோதலிலும் காரணம் சொல்ல வேண்டியிருப்பதால் அதையே நான் விரும்புகிறேன். முடிவைக் குறித்துவைக்கும்போது நாவலின் பெயரோடு, எந்த வகையில் சிறந்தது என்ற அந்த ஒற்றை வாக்கியத்தையும், விடை கிடைக்காமல் நின்ற எதிர்வாதத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

என் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். வாசகரின் தீர்ப்பளிக்கும் பழக்கத்தையே சோதிக்கும் நாவல் என்ற அளவுகோலில் ‘மிடில்மார்ச்’ நாவலுக்கு முதலிடம். லாடிஸ்லாவ் பற்றிய குறைக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நகரத்தின் சட்டத்தையும் நோயையும் பணத்தையும் ஒரே கதையில் பிணைத்த வகையில் ‘பிளீக் ஹவுஸ்’ இரண்டாவது. மூன்றாம் இடத்தை ‘டு த லைட்ஹவுஸ்’ நாவலுக்குத் தருகிறேன். ஆனால் ‘எம்மா’வின் கட்சியினர் பாக்ஸ் ஹில் உலாவைத் திறந்து, ஏழ்மையில் வாழும் மிஸ் பேட்ஸை எம்மா எல்லோர் முன்னிலையிலும் கேலிசெய்வதையும், அந்தப் பெண்மணி அதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடிப்பதையும், பிறகு கோபப்படாமல் தன்னையே குறைசொல்லிக்கொள்வதையும் படித்துக் காட்டினால், அந்த மூன்றாம் இடத்தை நான் எவ்வளவு நேரம் காப்பாற்ற முடியும் என்று தெரியவில்லை.